புன்னைக்காயல் கழியில அரைநாள் தூண்டில்: படகுக்காரர் கேக்குற காசு தகுமா?

பாளை_வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிக்கேன், எழுதுறது இதுதான் முதல்.

மச்சினன் துபாயில இருந்து மாசி மாசம் லீவுக்கு வாரான். அவன் மகனுக்குப் பன்னிரண்டு வயசு. யூட்யூப்ல தூண்டில் வீடியோவாப் பாத்துட்டு, போன்ல பேசும்போதெல்லாம் "மாமா, கொடுவா பிடிக்கணும்"னு ஒரே பாட்டு. எனக்குத் தெரிஞ்சது ஆத்துத் தூண்டில் மட்டும்தான். சின்ன வயசுல குறுக்குத்துறையில மண்புழுவைக் குத்திப் போட்டு கெண்டையும் குரவையும் பிடிச்சிருக்கேன். உப்புத்தண்ணி பக்கமே போனதில்ல.

தாமிரபரணி கடல்ல சேருற புன்னைக்காயல்ல ஒருத்தர் கழிக்குள்ள (கடல் தண்ணி ஏறி இறங்குற வாய்க்கால்) அரைநாள் கூட்டிட்டுப் போறார்னு தெரிஞ்சவங்க சொல்லி போன் போட்டேன். ஃபைபர் படகு, மூணு பேருக்கு மொத்தம் 4000 ரூபாய். உயிர் இரை அவரே பிடிச்சுத் தருவாராம். ராடு இருந்தா கொண்டு வாங்க, இல்லன்னா கையில பிடிக்கத் தங்கூசி (நைலான் நூல்) இருக்குன்னார். எல்லாம் சரி. "எத்தனை மணிக்கு வரணும் அண்ணாச்சி?"ன்னு கேட்டதுக்கு, "தேதியைச் சொல்லுங்க, நேரத்தை முந்தின நாள் சாயங்காலம் சொல்லுதேன்"ன்னு வச்சுட்டார். நாலாயிரம் கேக்குறவர் நேரத்தைச் சொல்ல மாட்டேங்காரே, அங்கதான் எனக்கு இடிக்குது. போலாமா, வேண்டாமா? போனா என்ன கொண்டு போகணும்?

காயல்_வாடை

வாத்தியாரே, அவர் நேரம் சொல்லாததுதான் நல்ல சேதி. கேட்ட உடனே "காலையில அஞ்சு மணி"ன்னு சொல்லியிருந்தா, வேற ஆளைப் பாருங்கன்னு நானே சொல்லியிருப்பேன்.

கழியில மீன் மணி பாத்துக் கடிக்காது. தண்ணி நகரணும். நம்ம தூத்துக்குடிப் பக்கம் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும், அதாவது கடல் தண்ணி ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும், உள்ள உயரம் ஒரு மீட்டரைத் தொடாது. குஜராத்துல காம்பே வளைகுடாவுல இது பத்து மீட்டர் வரைக்கும் போகும். நமக்கு வாய்ச்சது இடுப்புக்குக் கீழதான். ஆனா கண்டல் (அலையாத்தி) காட்டுக்குள்ள அந்த அளவு தண்ணி ஏறுனா போதும், மடவைக் குஞ்சும் இறாலும் வேருக்கு நடுவுல புகுந்து மேய ஆரம்பிச்சுரும். வத்தம் தொடங்குனா அதுக அங்கன நிக்க முடியாது, சின்ன வாய்க்கால் வழியா வெளிய வந்துதான் ஆகணும். அந்த வாய்க்கால் வாயில கொடுவா தலையை வச்சுக்கிட்டு நிக்கும். கல்யாண வீட்டுல பந்திக் கதவு திறக்குற இடத்துல நம்மாளு நிப்பான் பாருங்க, அதே நிப்புதான்.

ஏத்தம் தினமும் சுமாரா 50 நிமிஷம் பிந்தும். இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு ஏத்தம்னா, அடுத்த வாரம் அதே கிழமை அதே நேரத்துல வத்தம். அதுக்கு மேல காத்து வேற இருக்கு. கொண்டல், அதான் கிழக்குக் காத்து, பலமா அடிச்சா கடல் தண்ணி உள்ள தள்ளி நிக்கும், வத்தம் பிந்தும். இதெல்லாம் பாத்துத்தான் முந்தின நாள் சாயங்காலம் சொல்லுதேங்காவ.

இன்னொண்ணு. ஆத்துவாயில தண்ணி திரும்பிக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உள்வாய்க்கால்ல திரும்பும். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு கணக்கு. தெரிஞ்ச ஆளு முதல்ல திரும்புற வாயில தொடங்கி, ஒண்ணு ஓயும்போது அடுத்ததுக்குப் போயிருவார். அரைநாள்ங்கிறது அஞ்சாறு மணி நேரம், அதாவது ஒரு முழு வத்தம். நாலாயிரத்துல பெட்ரோலும் இறாலும் போக மிச்சக் காசு அந்தக் கணக்குக்குத்தான்.

சுக்குகாப்பி

எல்லாம் சரி, ஞாயித்துக்கிழமை மட்டும் கேட்டுராதீங்க. சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருப்பாவ, படகு கரையில கிடக்கும்.

நெல்லை_ஸ்பின்னர்

உபகரணம் பத்தி நான் சொல்லுதேன். பையன் வீடியோவுல பாத்ததையெல்லாம் வாங்கிக் குமிக்காதீங்க. ஏழடி ராடு, நடுத்தர வலு, 3000 இல்லன்னா 4000 சைஸ் ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல்) நூல். அதோட நுனியில ரெண்டு மூணு அடி 40 பவுண்டு லீடர் (அறுபடாத தடிச்ச நூல்) கட்டாயம் வேணும். கொடுவாவோட செவுள் மூடி பிளேடு மாதிரி. தலையை ஒரு உதறு உதறுனா பிரெய்டு நூல் வெண்ணெய் மாதிரி அறுந்துரும். கண்டல் வேர்ல ஒட்டியிருக்குற சிப்பியும் அப்படித்தான். பிடிக்கும்போது செவுளுக்குள்ள விரலை விட்டுராதீங்க. கீழ்த்தாடையைப் பிடிக்கணும், அதுக்குப் பல்லு மணல்தாள் மாதிரிதான் இருக்கும்.

லூர், அதான் பொய் இரை, ரெண்டே ரெண்டு போதும். வால் ஆட்டுற ரப்பர் மீன் ஒண்ணு, கால் அவுன்ஸ் ஜிக் தலையோட (ஈயக்குண்டு வச்ச முள்ளு). நாலஞ்சு அடி ஆழத்துல ஓடுற கட்டை மீன் ஒண்ணு. தண்ணி கலங்கலா இருந்தா வெள்ளை, தெளிவா இருந்தா பச்சை கலந்தது. இது என் கணக்கு, சண்டைக்கு வாரவங்க வரலாம். ஆனா பன்னிரண்டு வயசுப் பையனுக்கு உயிர் இறாலும் தக்கையும்தான் சரி. லூர் வீசியே கை ஓஞ்சு போயிட்டுன்னா அடுத்த வருஷம் செஸ் கிளாஸ்ல சேந்துருவான்.

லூர்ல மூணு முனை முள்ளு இருந்தா அதைக் கழட்டிட்டு ஒத்தை முள்ளாப் போடுங்க. சின்னப் பையன் பின்னால வீசும்போது உங்க காதுல மாட்டுனா தெரியும் அதோட அருமை.

ஆத்தூர்_வெத்தலை

மாசி நல்ல மாசம்தான். ஐப்பசி கார்த்திகையில வந்தா ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி வெள்ளம் விழுந்து கழி முழுக்க நல்லதண்ணியும் வண்டலுமா இருக்கும். ஆடியில வந்தா மேகாத்துல ராடை நிமித்திப் பிடிக்கவே முடியாது. தையில இருந்து பங்குனி வரைக்கும் தண்ணி தெளிஞ்சு உப்பு ஏறி ஒரு நிதானத்துக்கு வந்திருக்கும்.

பழைய வீடியோவைப் பாத்து இடத்தை முடிவு பண்ணாதீங்க. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல 95 செ.மீ. மழை கொட்டிச்சே, அந்த வெள்ளத்துக்கு அப்புறம் எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மணல்திட்டு இருந்த இடத்துல இல்ல. முன்னால கழுத்தளவு நின்ன இடத்துல இப்ப கொக்கு நடக்குது. தினமும் போற ஆளுக்குத்தான் இது தெரியும்.

கொற்கை_ராசா

ஆத்து வண்டலுக்கு இதென்ன புதுசா? கொற்கை பாண்டியனுக்குத் துறைமுகம். இன்னைக்குப் போய்ப் பாருங்க, வயலுக்கும் வாழைக்கும் நடுவுல கிடக்கு. கடல் தள்ளிப் போகப் போக, ஊரும் அது பின்னாலயே போயிருக்கு. கொற்கைக்கு அப்புறம் பழையகாயல், அதுக்கப்புறம் புன்னைக்காயல். மார்க்கோ போலோ எழுதுன காயல், பழையகாயல்தான்னு கால்டுவெல் சொன்னாரு. காயல்னாலே கழிதான். நீங்க தூண்டில் போடப் போற சேத்துக்குக் கீழ ஒரு துறைமுகமே கிடக்கலாம். முள்ளு மாட்டுனா பாத்து இழுங்க, நங்கூரமா இருக்கப் போவுது.

சுக்குகாப்பி

அண்ணாச்சி வந்துட்டாரு. இனி இழை முத்துக்குளிப்புக்குப் போகும்.

கொற்கை_ராசா

கடைசி முத்துக்குளிப்பு 1961. சரி, வாயை மூடிக்கிடுதேன்.

மீன்வளம்_பழையமாணவன்

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிச்சவன்ங்கிற உரிமையில ஒண்ணு சொல்லணும், ஏன்னா யாரும் இன்னும் சொல்லல.

கொடுவா பிறக்கும்போது ஆண். ஆணா வளந்து, ஆணாவே ஒரு ரெண்டு மூணு தடவை இனப்பெருக்கத்துல சேந்துட்டு, பிறகு பெண்ணா மாறும். பொதுவா 80, 90 செ.மீ. தாண்டும்போது இந்த மாற்றம். அதனால நீங்க போட்டோ எடுக்க ஆசைப்படுற அந்தப் பெரிய மீன் அனேகமா பெண்தான். ஒரு பெரிய பெண் மீன் லட்சக்கணக்குல, நல்லா வளந்ததுன்னா கோடிக்கணக்குல முட்டை விடும். ஆத்துல இருந்து இறங்கி கழிமுகத்துக்கு வந்துதான் முட்டையிடும், நல்லதண்ணியில இடாது. அந்தக் குஞ்சுக ஒதுங்குறதும் இதே கண்டல் காட்டுலதான்.

அதனால என் வேண்டுகோள்: 2 கிலோவுக்குள்ள உள்ளதுல ஒண்ணை வீட்டுக்குக் கொண்டு போங்க. கையளவுக் குஞ்சையும் பெரிய தாயையும் விட்டுருங்க. விடும்போது தூக்கி எறியாம, தண்ணிக்குள்ள பிடிச்சு, அதுவா வாலை ஆட்டி நழுவுற வரைக்கும் வச்சிருந்து விடணும். கை நனைச்சுட்டுத் தொடுங்க.

ஏரல்_சந்தை

இது என்னடே கூத்து. நாலாயிரம் குடுத்து, விடிய எந்திரிச்சு, வெயில்ல காஞ்சு, பத்து கிலோ கொடுவா மாட்டுனா அதைத் தடவிக் குடுத்து "போயிட்டு வா தாயி"ன்னு அனுப்பணுமா? எங்க தாத்தா கேட்டா ஆத்துக்குள்ள தள்ளி விட்டிருப்பாரு. ஒரு தூண்டில்காரன் பிடிக்குற ஒரு மீன்லயா கடல் அழியுது? கண்ணி சின்ன வலையில குஞ்சுங்குருமானோட வாரி அள்ளுறவங்களைப் போய்க் கேளுங்க முதல்ல.

மீன்வளம்_பழையமாணவன்

அண்ணாச்சி, வலை பத்தி நீங்க சொல்லுறது சரி, அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா அது சரியாகுற வரைக்கும் நாமளும் தாயைத் தூக்கலாம்னு ஆகாதே. கொடுவாவைக் குளத்துலயும் வளக்காங்க. சென்னையில உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல பொரிப்பகத்துல குஞ்சு பொரிக்க வச்சதுல இருந்து அது நடக்குது. சாப்பிடணும்னா சந்தையில அது கிடைக்கும். கழியில உள்ளது வேற கணக்கு.

ஏரல்_சந்தை

குளத்துக் கொடுவா ருசியும் கழிக் கொடுவா ருசியும் ஒண்ணுன்னு சொல்லுறவன் நாக்கைப் பரிசோதிக்கணும்.

காயல்_வாடை

ரெண்டு பேரும் அங்க தொழில் பண்ணுறவன் பக்கம் நின்னு பாக்கல. எங்க சித்தப்பா மகன் இப்படித்தான் ஆளு ஏத்துறான். அவனுக்குக் கழியில பெரிய கொடுவா இருக்குங்கிற பேச்சுதான் சோறு. போன வருஷம் ஒரு வாயில பெருசு ஒண்ணு நிக்குன்னு அவனுக்குத் தெரியும். மூணு பேர் மாட்டி மூணு பேரும் அறுத்துட்டாங்க. நாலாவது ஆளு ஏத்திட்டான், ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டு போயிட்டான். "விடுங்க சார்"னு இவன் கேட்டானாம். காசு குடுத்தவன்கிட்ட எப்படி அழுத்திக் கேக்க? அந்த வாயில அதுக்கப்புறம் ஆறு மாசம் ஒண்ணும் இல்ல. அவனுக்கு அது நட்டம், சட்டம் சாத்திரம் ஒண்ணும் வேண்டாம். ஏறும்போதே பேசிக்கிட்டா நல்லது, எது நமக்கு, எது தண்ணிக்குன்னு.

முள்ளுபட்டவன்

என் பேரைப் பாத்தாலே தெரியும். கெளுத்தி மாட்டும், நிச்சயமா மாட்டும். கழியில இறால் போட்டா கொடுவாவுக்கு முன்னால வாரது அவருதான். முதுகுல ஒரு முள்ளு, ரெண்டு பக்கத்துச் செட்டையிலயும் ஒவ்வொண்ணு. நான் சேத்துல நழுவுன மீனைக் காலால மிதிச்சுப் பிடிச்சேன். செருப்பைத் தாண்டி ஏறிட்டு. அரைமணி நேரம் எங்கம்மாவைக் கூப்பிட்டு அழுதேன், எனக்கு அப்ப முப்பத்திநாலு வயசு.

அந்த விஷம் சூட்டுல முறியும். தாங்குற அளவு சுடுதண்ணியில அரைமணியில இருந்து ஒன்றரை மணி நேரம் காலை வச்சா வலி இறங்கும். கொதிக்கிற தண்ணி இல்ல, பொசுக்கிராதீங்க. மரத்துப் போன கால்ல சூடு தெரியாது, அதனால முதல்ல நல்லா இருக்குற கால்ல தொட்டுப் பாத்துட்டு வைங்க. முள்ளு உள்ள ஒடிஞ்சிருந்தா ஆஸ்பத்திரி, டெட்டனஸ் ஊசி. திருக்கைக்கும் இதேதான். திட்டுல இறங்கி நடந்தா காலைத் தூக்கி வைக்காம உரசிக்கிட்டே நடங்க, அதுவா விலகிப் போயிரும். பிளாஸ்க்ல சுடுதண்ணி கொண்டு போங்க, காப்பிக்கும் ஆச்சு.

பையனுக்கு லைஃப் ஜாக்கெட் உடம்புக்குச் சரியான அளவுல இருக்கான்னு போன்லயே கேளுங்க. "இருக்கு"ம்பாங்க, பெரியாளுக்குத் தச்சதா இருக்கும். நீங்களே ஒண்ணு கொண்டு போயிருங்க. கடலோரக் காவல்படை அவசர எண் 1554, போன்ல போட்டு வச்சுக்கிடுங்க.

தேரிக்காட்டு_மைனி

ஆம்பளைங்க எல்லாம் கொடுவா கொடுவான்னு நிக்கீங்க. வீச்சு வலையில இரைக்காகப் பிடிக்கும்போது மடவை விழும், அதைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. மடவை சேத்தை மேஞ்சு திங்குறது, தூண்டிலுக்கு லேசுல வராது. கோழிக்கு உள்ள மாதிரி கெட்டியான இரைப்பை இருக்கும், அதைக் கிழிச்சுக் கழுவணும். வயித்துக்குள்ள உள்ள கறுப்புத் தோலைச் சுத்தமா உரிச்சுட்டு, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்ச்சு, புளித்தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வச்சா சேத்து வாடை போயிரும். தேங்காயும் சின்ன வெங்காயமும் அரைச்சு விட்டு மண்சட்டியில குழம்பு வச்சு, மறுநாள் காலையில பழைய சோத்துக்கு ஊத்திப் பாருங்க. ஐஸ் பெட்டி மறக்காதீங்க. ஊர் போய்ச் சேருறதுக்குள்ள வெயில்ல மீன் கெட்டுரும்.

பாளை_வாத்தியார்

எல்லாருக்கும் நன்றி. போயிட்டு வந்துட்டோம். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

முந்தின நாள் சாயங்காலம் சொன்னபடியே போன் வந்துட்டு. "ஆறே முக்காலுக்குப் படகு, ஆறரைக்கு வந்துருங்க." இருட்டுலயே கிளம்பி ஏரல், முக்காணி வழியா ஆத்தூர் போய் கிழக்க திரும்பினோம். ஒரு பக்கம் வெத்தலைக்கொடி, கொஞ்ச தூரத்துல உப்பளம், அதுக்கப்புறம் ஒரே கண்டல் காடு. பாபநாசத்துல அருவியா விழுற நம்ம ஆறு இங்க இப்படி மூச்சே விடாமக் கிடக்கேன்னு தோணிச்சு.

படகுக்காரருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். ஏறுன உடனே நான் பெருசைப் பத்திப் பேசினேன். "முழங்கையில இருந்து விரல்நுனி வரைக்கும் உள்ள மீன்னா ஒண்ணு எடுத்துக்கிடுதோம், ரொம்பப் பெருசுன்னா விட்டுருதோம்"னேன். மனுசன் ஒண்ணும் சொல்லல, மோட்டாரை அணைச்சுட்டு என் மருமகனுக்கு வெத்தலைப் பெட்டியில இருந்து ஒரு கல்கண்டு எடுத்துக் குடுத்தார்.

முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே இல்ல. வீச்சு வலையில இறால் எடுத்தார், ரெண்டு வீச்சுதான். பிறகு கழையை ஊன்றி ஒரு வாய்க்கால் வாயில படகை நிறுத்திட்டு சும்மா உக்காந்துட்டார். பையன் இருப்புக்கொள்ளாம லூரை வீசி வீசி, அஞ்சாவது வீச்சுல கண்டல் கிளையில மாட்டிட்டான். எடுத்துக் குடுத்தார். மறுபடி மாட்டினான். மறுபடி எடுத்துக் குடுத்தார். மூணாவது தடவை, "தம்பி, அது அங்கனயே இருக்கட்டும், மீன் வந்து பாத்துட்டுப் போவட்டும்"னார்.

அப்புறம் ஒரு கண்டல் வேரைக் காட்டினார். ஈரம் ஒரு விரல்கடை வெளிய தெரிஞ்சிருந்தது. தண்ணி இறங்க ஆரம்பிச்சுட்டு. காயல்_வாடை எழுதுனது அப்பதான் எனக்குப் புரிஞ்சது. பத்து நிமிஷத்துல வாய்க்கால் வாயில சின்ன மீன் சிதறுது, 'டொப்'னு ஒரு சத்தம். விறகைத் தண்ணியில போட்ட மாதிரி. "அதான்"னார்.

மச்சினனுக்கு முதல்ல கெளுத்தி. முள்ளுபட்டவன் ஐயா, உங்க பேரைச் சொல்லித்தான் இடுக்கியால கழட்டினோம். பிறகு ஒரு செப்பிலி, முக்கால் கிலோ இருக்கும். அது மாட்டுன உடனே வேருக்குள்ள போகப் பாக்கும்னு அவர் முன்னாலயே சொல்லி ரீலை இறுக்க வச்சிருந்ததால தப்பிச்சோம். செம்புப் பாத்திரம் விளக்கி வச்ச நிறம். ரெண்டாவது வாயில ஒண்ணும் இல்ல. மூணாவது வாயில ஒரு சின்ன கொடுவா, விட்டுட்டோம்.

நாலாவது வாயிலதான் பையனுக்கு மாட்டிச்சு. தக்கை அமுங்கின சத்தமே கேக்கல, ராடு வில்லு மாதிரி வளைஞ்சுட்டு. மீன் வெளிய குதிச்சது, வாயைப் பிளந்துக்கிட்டு, செவுள் விரிஞ்சு, தலையை ரெண்டு தடவை உதறிச்சு. எவ்வளவு நீளம்னு கேக்காதீங்க, நாங்க மூணு பேரும் மூணு அளவு சொல்லுதோம். வாத்தியாரா இருந்தும் நான் சொல்லுறதுதான் எல்லாத்துலயும் பெருசு. ரெண்டாவது குதியில லீடர் போயிட்டு. ஸ்பின்னர் சொன்ன 40 பவுண்டுதான், ஆனா முன்னால ஒரு தடவை சிப்பியில உரசினதை நான் வெட்டி மாத்தாம விட்டுட்டேன். தப்பு என் மேலதான்.

பையன் அழலை. அதுதான் எனக்கு அதிசயம். அறுந்த நுனியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே தண்ணியைப் பாத்துட்டு இருந்தான். பத்தரைக்குக் காத்து எழும்பிட்டு, கூழைக்கடா கூட்டம் ஒண்ணு திட்டுல வந்து இறங்கிச்சு, படகைத் திருப்பிட்டார். கரைக்கு வந்து நாலாயிரத்தைக் குடுத்தேன். அதுல ஒரு நூறு ரூபாயைத் திருப்பிப் பையன் கையில வச்சுட்டார், எவ்வளவு சொல்லியும் கேக்கல.

மைனி, மடவை நாலு வாங்கிட்டு வந்தோம். புளித்தண்ணி, மண்சட்டி, நீங்க சொன்னபடியே. செப்பிலியைப் பொரிச்சாச்சு.

ஏரல்_சந்தை

கழிச் செப்பிலி பொரிச்சது எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லும் வாத்தியாரே. அதை எழுதாம விட்டுட்டீரு.

பாளை_வாத்தியார்

எனக்கு வால்தான் கிடைச்சது.

நெல்லை_ஸ்பின்னர்

ஒவ்வொரு உரசலுக்கும் லீடரை விரலால தடவிப் பாக்கணும், சொரசொரன்னு இருந்தா வெட்டிக் கட்டணும். இதை நான் எழுதியிருக்கணும். விட்டுப் போச்சு, மன்னிச்சுக்கிடுங்க. அந்த லூர் இன்னும் கண்டல்லதான் தொங்குதா? பச்சையா, வெள்ளையா?

பாளை_வாத்தியார்

பச்சை. இன்னொரு சேதி, மச்சினன் திங்கக்கிழமை பிளைட் ஏறுறான். பையன் சனிக்கிழமை ஒரு தடவை போலாமாங்கான். போன தடவை போயி இன்னையோட ஏழு நாள் ஆச்சு.

காயல்_வாடை

அப்ப காலையில ஏத்தம்லா இருக்கும், வத்தம் மத்தியானத்துக்கு மேலதான். வெயிலுக்குத் தொப்பி வேணும். அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க, நேரத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லுவார்.